கழுத்தில்தான் காரியம்: இரண்டு திரவ நைட்ரஜன் கலன்கள், எட்டு ஆண்டுப் பயன்பாடு

ஈரோடு மாவட்டத்தின் கிராமப் பகுதியில் தனியாகக் கால்நடை மருந்தகம் நடத்தி வரும் நான், மாடுகளுக்குச் சினை ஊசியாகப் போடும் உறைந்த காளை விந்தைக் காத்து வைக்க, 2017-ஆம் ஆண்டு முதல் இரண்டு திரவ நைட்ரஜன் கலன்களைப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, மருந்தகத்தின் மூலையில் அசையாமல் நிற்கும் 35 லிட்டர் சேமிப்புக் கலன். மற்றது, வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் 3 லிட்டர் கலன். இரண்டும் இந்தியாவில் தயாரானவை, இரண்டும் அலுமினிய உடல் கொண்டவை. இந்த அளவில் சந்தைக்கு வரும் கலன்கள் எந்த நிறுவனத்தின் முத்திரையைத் தாங்கியிருந்தாலும் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட இந்த வகைக் கலன் எப்படி உழைக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

ஒரு மாடு பருவத்துக்கு வருவது ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை. காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுகிறோம். அந்த ஒரு வேளையில் நான் செலுத்தும் உறைவிந்துக் குச்சியில் உயிர் இல்லையென்றால், மாட்டுக்காரருக்கு அடுத்த மூன்று வாரத் தீவனம் வீண். கன்று ஈனுவதும் பால் இறங்குவதும் அதே அளவுக்குத் தள்ளிப்போகும். சினை நிற்காததற்கு அவர் மாட்டைக் குறை சொல்வார், சில வேளை என் கையைக் குறை சொல்வார். மூலையில் நிற்கும் கலனை யாரும் சந்தேகப்படுவதில்லை. எட்டு ஆண்டு அனுபவத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்; அதிலும் குறிப்பாக அதன் கழுத்தை.

கலனுக்குள் இருப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும் நைட்ரஜன். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு இருக்கும் அதே வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கியது. அதற்குள் இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் 133 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய, குழாய் வடிவக் குச்சிகள் மூழ்கியிருக்கின்றன. ஒவ்வொரு குச்சியிலும் கால் மில்லிலிட்டர் விந்து. நம் நாட்டு விதிப்படி அதில் 2 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும், உருக்கிய பிறகு அவற்றில் பாதியாவது நீந்த வேண்டும். இனத்துக்கு ஒரு நிறம், மேலே காளையின் எண், உற்பத்தி நிலையம், உறையவைத்த நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். என் கலனில் ஜெர்சி கலப்பினமும் இருக்கிறது, காங்கேயமும் இருக்கிறது. இன்று உயிரோடு இல்லாத ஒரு காங்கேயம் காளையின் குச்சிகளை இந்தக் கலன்தான் எனக்கு இன்னும் காத்துத் தந்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது அதன் மேல் எனக்கு ஒரு மரியாதையே ஏற்படுகிறது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் 1892-இல் வடிவமைத்த இரட்டைச் சுவர்க் குடுவைதான் இதற்கும் மூலம். நம் வீட்டுத் தேநீர்ப் பிளாஸ்க்கும் அதன் வழிவந்ததே. உள்ளே ஓர் அலுமினியப் பாத்திரம், வெளியே ஓர் அலுமினியப் பாத்திரம், இடையில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் அலுமினியத் தாளும் காகிதமும் மாறி மாறிப் பல அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கும். உள்பாத்திரம் எதன் மேலும் உட்காரவில்லை. கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்துச் செய்த ஒரு கழுத்துக் குழாயில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. உலோகம் வெப்பத்தைக் கடத்திவிடும் என்பதால் கழுத்தை மட்டும் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். கலனின் திறமை முழுவதும் இந்தக் கழுத்தில் இருக்கிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 35 லிட்டர் கலனை நிரப்பினால் நைட்ரஜனின் எடை மட்டும் 28 கிலோவுக்கு மேல். அத்தனை எடையையும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு குழாய் தாங்கி நிற்கிறது என்று தெரிந்த பிறகு, கலனைச் சாய்த்து உருட்டி இடம் மாற்ற யாருக்கும் மனம் வராது.

குளிரைத் தாங்குவதில் இந்தக் கலனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நாள்தோறும் இரண்டு மூன்று முறை திறக்கும் என் பழக்கத்தில் 35 லிட்டர் கலனில் ஒரு நாளைக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் ஆவியாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வெளியிலிருந்து உள்ளே கசியும் வெப்பம் அரை வாட்டைச் சற்றே தாண்டுகிறது. பூஜை அறையில் எரியும் ஜீரோ வாட் பல்பு உண்மையில் 15 வாட் வரை எடுக்கும். அதன் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வெப்பம்தான் சித்திரை மாதத்து ஈரோட்டு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்சாரமே இல்லாமல் நிற்கும் ஒரு பாத்திரத்துக்குள் நுழைகிறது. மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத குளிர்சாதனம் இது ஒன்றுதான்.

விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் நாட்கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது மூடியைத் திறக்காமல், குச்சிகள் நிற்கும் கேனிஸ்டர்களைத் தூக்காமல், அசைக்காமல் வைத்திருந்தால் கிடைக்கும் கணக்கு. மூன்று வாரம் தாங்கும் என்று சொல்லப்பட்ட என் 3 லிட்டர் கலன், வண்டியில் குலுங்கியும் ஒரு நாளில் ஐந்தாறு முறை திறக்கப்பட்டும் 12 நாட்களில் நிரப்பக் கேட்கிறது. இது கலனின் குறை அல்ல, ஆனால் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை. தாளில் உள்ள நாட்களில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு நைட்ரஜன் வண்டி வரும் நாளைத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை அறியக் கலனில் முள்ளோ விளக்கோ கிடையாது. சென்டிமீட்டர் குறியிட்ட ஒரு குச்சி அளவுகோல்தான். அதைச் செங்குத்தாக அடிவரை இறக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்து, வெளியே எடுத்துக் காற்றில் மெல்ல ஆட்டினால், திரவத்தில் மூழ்கிய பகுதி வரைக்கும் வெண்பனி பூத்து நிற்கும். பனி ஏறிய இடம் எதுவோ அதுவே அளவு. திங்கள், வியாழன் என வாரத்துக்கு இரண்டு முறை இதைச் செய்து, சுவரில் தொங்கும் நோட்டில் எழுதி வைக்கிறோம். எட்டு ஆண்டு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. உள்ளீடற்ற குழாயை ஒருபோதும் அளவுகோலாக இறக்கக் கூடாது. அடியில் சட்டெனக் கொதிக்கும் நைட்ரஜன் குழாய் வழியாக மேலே பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். குச்சிகள் காப்லெட் என்ற சிறு கோப்பைகளிலும், கோப்பைகள் நீண்ட கைப்பிடியுள்ள கேனிஸ்டர்களிலும் நிற்கின்றன. கைப்பிடிகளின் கொக்கிகள் வாயைச் சுற்றியுள்ள எண்ணிட்ட வெட்டுகளில் மாட்டியிருக்கும். ஒரு குச்சியை எடுக்க வேண்டுமானால் கேனிஸ்டரைக் கழுத்துக்குள் தூக்கி, இடுக்கியை நுழைத்து, குச்சியின் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். நிரப்பிய கலனிலும் கழுத்துக்குள் வெப்பநிலை செங்குத்தாக ஏறுகிறது. ஆறு அங்குல ஆழத்தில் மைனஸ் 180-ஐ ஒட்டி இருப்பது, வாயிலிருந்து ஓர் அங்குல ஆழத்தில் வெறும் மைனஸ் 20 அளவில் இருக்கும். ஆறு அங்குலத்துக்குள் உலகமே மாறிவிடுகிறது. இடுக்கிக்கு வசதியாக இருக்கட்டும் என்று கேனிஸ்டரை விளிம்பு வரை தூக்கி, வேண்டிய நிறத்தைத் தேடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பவர், எடுக்கும் ஒரு குச்சியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் திரும்ப இறங்கும் மற்றக் குச்சிகள் அனைத்தையும் பாதி கொன்றுவிடுகிறார். அவை மறுபடி மைனஸ் 196-க்குப் போய்விடும், பார்வைக்கு எந்த மாற்றமும் இருக்காது, மூன்று வாரம் கழித்து எங்கோ ஒரு தொழுவத்தில் மாடு மறுபடி கத்தும்.

ஏன் சாகின்றன என்பதற்கு விளக்கம் உண்டு. உயிரணுக்களைக் கொல்வது குளிர் அல்ல, பனிப்படிகம். 1949-இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர், கிளிசரின் சேர்த்தால் சேவலின் விந்தணுக்கள் உறைந்தும் பிழைக்கின்றன என்று கண்டறிந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டியில் உண்மையில் கிளிசரின் இருந்ததுதான் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. இன்றும் காளை விந்தோடு முட்டை மஞ்சள் கருவும் ஆறேழு விழுக்காடு கிளிசரினும் கலந்தே உறையவைக்கிறார்கள். அப்போதும் உள்ளே நுண்ணிய படிகங்களும் கண்ணாடிபோல் இறுகிய நீரும் இருக்கவே செய்யும். மைனஸ் 130-க்குக் கீழே அவை அசையாது. அதற்கு மேலே வந்தால் சிறு படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, உயிரணுவின் சவ்வைக் கிழிக்கத் தொடங்குகின்றன. இதனால்தான் உறைந்த கரியமில வாயுவான மைனஸ் 79 டிகிரி உலர்பனியில் விந்தைச் சேமித்துவந்த பண்ணைகள் 1950-களின் பிற்பகுதியிலிருந்து திரவ நைட்ரஜனுக்கு மாறின. நீரைப் படிகமே ஆகவிடாமல் கண்ணாடியாக இறுகச் செய்யும் கலையைத்தான் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஜாக் துபோஷே வேறொரு பணிக்கு, புரதங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, கையாண்டு 2017-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் பயன்படுத்தியது திரவ ஈத்தேன், நாங்கள் பயன்படுத்துவது நைட்ரஜன், பகை ஒன்றே.

ஆகவே கலன் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காமல் கழுத்தின் நீளத்தையும் அகலத்தையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அகலக் கழுத்து கைக்கு வசதி, ஆனால் நைட்ரஜனைக் குடிக்கும். குறுகிய நீண்ட கழுத்து சிக்கனம், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். என்னுடைய இரண்டும் 50 மில்லிமீட்டர் வாய் கொண்டவை. முதல் ஆறு மாதம் இடுக்கியோடு போராடினேன். பிறகு எந்தக் கேனிஸ்டரில் எந்தக் காளை என்பதை மூடியின் மேலேயே ஒட்டி வைத்து, தேடுகிற வேலையைக் கண்ணுக்குக் கொடுத்து, கேனிஸ்டரை விளிம்புக்கு நான்கு விரற்கடைக்குக் கீழேயே நிறுத்தி எட்டு நொடிக்குள் குச்சியை எடுக்கப் பழகிக்கொண்டேன். பத்து நொடியில் எடுக்க முடியவில்லை என்றால் கேனிஸ்டரைத் திரும்ப மூழ்கவிட்டு அரை நிமிடம் காத்திருப்பேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் மாட்டைத் தொடும் முன் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். காலிக் குச்சிகளை வைத்து ஒரு வாரம்.

எடுத்த குச்சி 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி இருக்க வேண்டும். உறையும்போது எவ்வளவு கவனம் தேவையோ அவ்வளவு உருகும்போதும் தேவை. படிகங்கள் பெருக்கும் அந்த இடைவெளியை விரைவாகக் கடந்துவிட வேண்டும். சட்டைப் பையில் போட்டும் உள்ளங்கையில் தேய்த்தும் உருக்குகிற பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கலன் எத்தனை ஆண்டு காத்த உயிரையும் அந்த ஒரு நிமிடம் அழித்துவிடும். ஒரு வெந்நீர்ப் பிளாஸ்க்கும் ஒரு வெப்பமானியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கலன் விற்பவர்கள் இவற்றையும் சேர்த்தே தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சென்ற தையில் ஒரு தொழுவத்தில், மூடியைத் திறந்ததும் வழிந்து தரையில் பரவிய வெண்புகையைப் பார்த்துவிட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பாட்டி, "ஏனுங்க டாக்டரு, புகையா வருதே, உள்ளார நெருப்புங்களா?" என்று கேட்டார். "நெருப்பு இல்லைங்க ஆத்தா, பனிங்க, ஆனா தொட்டா நெருப்பு மாதிரியேதான் சுடும்" என்றேன். அவர் பேரனைக் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். அந்த எச்சரிக்கை உணர்வு படித்தவர்களிடம் பல நேரம் இல்லை. தெறிக்கும் ஒன்றிரண்டு துளி தோலில் உருண்டு ஓடிவிடும், அது ஏமாற்று. துணிக்குள்ளோ செருப்புக்குள்ளோ தேங்கினால் தோல் வெந்துபோகும். கையுறை தளர்வாக, உதறினால் கழன்று விழும்படி இருக்க வேண்டும். முழுக்கால் சட்டை காலணிக்கு வெளியே விழ வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். 35 லிட்டர் முழுவதும் கொட்டிவிட்டால் 24 கன மீட்டர் நைட்ரஜன். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறையின் மொத்தக் கொள்ளளவே 28 கன மீட்டர்தான். வாசனை இல்லை, மூச்சுத் திணறலும் தோன்றாது, ஏனென்றால் நம் உடல் திணறலாக உணர்வது பெரும்பாலும் கரியமில வாயு மிகுவதைத்தான், ஆக்சிஜன் குறைவதை அல்ல. ஆள் அப்படியே மயங்கிச் சரிந்துவிடுவார். என் கலன் நிற்கும் அறைக்குக் கதவின் அடியிலும் மேலேயும் ஜன்னல் வைத்திருக்கிறேன். குளிரூட்டிய காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கலனை எடுத்துச் செல்வதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

இந்தக் கலன்களை வாங்குவதற்கு முன் நான் வைத்திருந்த ஒரு 3 லிட்டர் கலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது அது கேரியரிலிருந்து கழன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒரு கீறலைத் தவிர எதுவும் இல்லை, குச்சிகளும் மூழ்கியே இருந்தன. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தால் கலனின் தோள்பட்டையில் வெளிப்புறமாக வெண்பனி பூத்து, கீழே நீர் சொட்டிச் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. கழுத்தின் இணைப்பில் மயிரிழை விரிசல். வெற்றிடம் போய்விட்டது. வெளிச்சுவர் வியர்த்தால் கலன் முடிந்தது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். உள்ளே ஒரு சொட்டு நைட்ரஜன்கூட மிச்சமில்லை, 112 குச்சிகள் போயின. விற்பனையாளர் உத்தரவாதத்தில் விழுந்த கலன் சேராது என்றார், அது நியாயம்தான். ஆனால் வாங்கிய நாளில் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் நான் அன்று இரவே குச்சிகளை வேறு கலனுக்கு மாற்றியிருப்பேன். இப்போதைய 3 லிட்டர் கலனுக்கு ஊர்த் தச்சரிடம் சொல்லி ஒரு வேப்பம்பலகைப் பெட்டி செய்து, உள்ளே தென்னை நார் மெத்தை வைத்து, கேரியரில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். கலனோடு வரும் தடித்த துணி உறை தோளில் மாட்டிச் செல்ல உதவும், விழுந்தால் காக்காது.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கலன் எனக்குச் செய்த உதவி பெரிது. கொரோனாவின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, நைட்ரஜனும் ஆர்கானும் ஏற்றும் டேங்கர்களை ஆக்சிஜன் ஏற்ற மாற்றும்படி மத்திய அரசு அறிவித்தது. அது செய்யப்பட்டே தீர வேண்டிய செயல். மனித உயிருக்கு முன்னால் எங்கள் குச்சிகள் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் பகுதிக்கு 70 நாள் நைட்ரஜன் வண்டி வரவில்லை. சிறு கலனைக் காலி செய்து, எல்லாக் குச்சிகளையும் பெரிய கலனுக்கு மாற்றி, அதை வாரத்துக்கு மூன்று முறை மட்டும் திறந்தேன். நோட்டில் தொடக்க அளவு 26 சென்டிமீட்டர். வண்டி வந்த நாளில் 11. ஒரு குச்சியையும் இழக்கவில்லை. அந்தக் காலத்தில் போட்ட ஊசிகளில் சினை பிடித்த விகிதமும் வழக்கத்திலிருந்து குறையவில்லை. 35 லிட்டருக்குப் பதில் 20 லிட்டர் போதும் என்று விலை பார்த்து வாங்கியிருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு நல்ல கலப்பினக் கறவை மாட்டின் விலையைவிடக் குறைவான விலைக்குக் கிடைக்கும் பொருளில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருப்பவர்கள் இதே கலனை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. கால்நடைக் கல்லூரியில் முதுகலை படிக்கும் என் தம்பி மகள் செல் வளர்ப்பு ஆய்வில் இருக்கிறாள். புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து பெற்ற செல்களை அவள் இரண்டு மில்லிலிட்டர் குப்பிகளில், கிளிசரினுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் டி.எம்.எஸ்.ஓ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து, இதே வகைக் கலனில்தான் வைத்திருக்கிறாள். விலங்குச் செல்களுக்கு இது போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: திருகுமூடிக் குப்பிக்குள் நைட்ரஜன் கசிந்து புகுந்திருந்தால், வெந்நீரில் இட்டதும் அது வெடித்துச் சிதறும், முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்புக் கவசம் இல்லாமல் எடுக்கவே கூடாது.

மனித மாதிரிகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லண்டனில், உறையவைத்த எலும்பு மஜ்ஜை அணுக்களைத் திருப்பி ஏற்றிக்கொண்ட நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியதற்கு, ஒரே கலனின் திரவத்தில் கசிந்த ஒரு பைதான் காரணம் என்று 1995-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. மைனஸ் 196 டிகிரி உயிரைக் காப்பது போலவே கிருமியையும் காக்கும். எனவே மனித மாதிரிகளுக்குத் திரவத்தில் மூழ்காமல் அதன் ஆவியில் நிற்கும்படி அமைத்த கலன்களே தேவை. கூடவே அளவு குறைந்தால் கூவும் எச்சரிக்கை மணியும் வேண்டும். 2018 மார்ச் மாதம் ஒரே வார இறுதியில், அமெரிக்காவின் க்ளீவ்லாந்திலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இரு கருத்தரிப்பு மையங்களின் சேமிப்புக் கலன்கள் பழுதாகி, ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. க்ளீவ்லாந்தில் தொலைவிலிருந்து எச்சரிக்கும் மணி அணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு அது கடைசி வாய்ப்பு. எனக்கு 112 குச்சிகள் போனபோது வேறு குச்சி வாங்க முடிந்தது.

எவ்வளவு காலம் காக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1968-இல் உறையவைத்த மெரினோ கடாக்களின் விந்தை, ஐம்பது ஆண்டு கழித்துச் சிட்னி பல்கலைக்கழகத்தார் எடுத்து 56 ஆடுகளுக்குச் செலுத்தியபோது 34 ஆடுகள் சினை பிடித்தன. அந்த அளவுக்குக் காலத்தை நிறுத்தி வைக்கக்கூடிய பொருள் இது, ஒரு நாளும் அளவு குறையவிடாமல் பார்த்துக்கொண்டால்.

மீதிக் குறைகள் சிறியவை. மூடியோடு ஒட்டியிருக்கும் நுரைத் தக்கை மூன்றாம் ஆண்டில் கழன்றுவிட்டது. உதிரித் தக்கை வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் துணியைச் சுற்றியும் ரப்பரை அடைத்தும் இறுக்கிவிடலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் கலன் வெடிக்கும். தக்கை தளர்வாக இருப்பது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஈரக்காற்று பட்டுக் கழுத்தில் பனி கட்டித் தக்கை ஒட்டிக்கொள்ளும். அப்போது திருகி இழுக்காமல், மேலே உலர்ந்த துணியை வைத்துச் சற்றுப் பொறுத்தால் தானே விடும். கேனிஸ்டர் கைப்பிடிகளில் அச்சிட்ட எண்கள் இரண்டே ஆண்டில் அழிந்துபோயின. அவற்றைப் பொறித்துத் தந்திருக்கலாம்.

எங்கள் பகுதியில் நைட்ரஜன் நிரப்பித் தரும் சேவையிலும் ஒரு குறை உண்டு. புதிய கலனில் முதல் முறை ஊற்றும்போது மெல்ல ஊற்றி, ஓரிரு நாள் குளிர்ந்து நிலைக்கவிட்டு, மறுபடி நிரப்பிய பிறகே குச்சிகளை வைக்க வேண்டும். வண்டியில் வருபவர் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுப் போக நினைக்கிறார். நாம் நின்று தடுக்க வேண்டியிருக்கிறது. நிரப்பிய அளவை ரசீதில் லிட்டரில் எழுதுகிறார்கள், ஆனால் ஊற்றும்போதே கணிசமாக ஆவியாகிவிடுகிறது. முன்னும் பின்னும் கலனை எடை போட்டு, 0.8 கிலோ ஒரு லிட்டர் என்று வைத்துக் கணக்குத் தீர்க்கும்படி கேளுங்கள். நான் கேட்ட பிறகு எடை மேடையை வண்டியிலேயே கொண்டுவருகிறார்கள்.

இப்போது என் 3 லிட்டர் கலன் 12 நாளுக்குப் பதில் 9 நாளில் நிரப்பக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வெளிச்சுவரில் பனியோ வியர்வையோ இல்லை. தக்கையின் நுரை அடியில் ஒரு விரல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. புதிய தக்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அது வரும்வரை அந்தக் கலனில் ஒரு நாளைக்குத் தேவையான குச்சிகளை மட்டும் எடுத்துச் செல்கிறேன், காங்கேயம் குச்சிகளைப் பெரிய கலனை விட்டு வெளியே எடுப்பதில்லை.